டி.என்.ஏ. இல்லை என்கிறது ரிப்போர்ட். ஹெச்பிஎஸ்ஏஜி மட்டும் ஏன் இன்னும் பாசிட்டிவ்?

கேள்வி இதுதான்: ஹெபடைட்டிஸ் பி-க்கு மூன்று வருடமாக டெனோஃபோவிர் மாத்திரை. ரத்தத்தில் வைரஸ் டி.என்.ஏ. 'கண்டறியப்படவில்லை' என்று வருகிறது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி-யும் நார்மல். ஆனால் வைரஸின் மேலுறைப் புரதமான ஹெச்பிஎஸ்ஏஜி மட்டும் விடாமல் பாசிட்டிவ். வைரஸ் போய்விட்டதா, இருக்கிறதா? மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

போகவில்லை. நீங்களாக நிறுத்தவும் கூடாது. அந்த இரண்டு டெஸ்ட்டும் ஒரே வைரஸின் இரண்டு வெவ்வேறு சரக்கை அளக்கின்றன. கல்லீரல் செல்லுக்குள் அவை உருவாகும் வழிகளும் வேறு வேறு. மாத்திரை அதில் ஒரு வழியைத்தான் அடைக்கிறது. இது விளங்க வேண்டுமானால் வைரஸ் செல்லுக்குள் நுழைவதிலிருந்து வெளியேறுவது வரை கூடவே போய்ப் பார்க்க வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபைலில் இருக்கும் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் இந்தப் பாதையில் ஏதோ ஓர் இடத்தை எட்டிப்பார்ப்பதுதான்.

முழு வைரஸ் துகளின் குறுக்களவு 42 நானோமீட்டர். 1970-இல் லண்டனில் டேவிட் டேன் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னதால் டேன் துகள் என்று பெயர். வெளியே கொழுப்பு மேலுறை. அதில் பதிந்திருக்கும் புரதம்தான் ஹெச்பிஎஸ்ஏஜி. 1960-களில் பரூக் பிளம்பெர்க் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் முதலில் கண்டது இதைத்தான். 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று இன்றும் சில டாக்டர்கள் சொல்வது அதனால்தான். மேலுறைக்குள்ளே கோர் புரதத்தால் ஆன ஓடு. ஓட்டுக்குள்ளே வைரஸின் டி.என்.ஏ.வும், அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கும் பாலிமரேஸ் என்ற நொதியும். அவ்வளவுதான் மொத்த உடைமை.

அந்த டி.என்.ஏ.வின் நீளம் சுமார் 3,200 எழுத்துகள். எச்.ஐ.வி.க்கே ஒன்பதாயிரத்துக்கு மேல் உண்டு. இவ்வளவு சிறிய இடத்தில் பிழைக்க, இந்த வைரஸ் ஒரே எழுத்துகளை இரண்டு விதமாக வாசிக்க வைக்கிறது. மரபணுக்கள் நான்கும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. மேலுறைப் புரதத்துக்கான பகுதி முழுவதும் பாலிமரேஸ் பகுதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இதனால் ஒரு விளைவு உண்டு: மருந்துக்குத் தப்ப பாலிமரேஸில் ஓர் எழுத்து மாறினால், அதே மாற்றம் மேலுறைப் புரதத்தையும் மாற்றிவிடலாம். லாமிவுடின் என்ற பழைய மாத்திரை மட்டும் கொடுத்துவந்த காலத்தில் இதை நிறையவே பார்த்தார்கள்.

இன்னொரு விசித்திரம், இந்த டி.என்.ஏ. அரைகுறையானது. வட்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் மூடிய வட்டம் இல்லை. ஒரு இழை முழு நீளம். அதன் முனையில் பாலிமரேஸ் நொதி விடாமல் ஒட்டியிருக்கிறது. மற்ற இழை பாதியிலோ முக்காலிலோ நின்றுபோயிருக்கும். அதன் முனையில் ஆர்.என்.ஏ. துணுக்கு ஒன்று தொங்கும். இந்த நிலையில் இது எதற்கும் பயன்படாது. இதிலிருந்து ஒரு புரதம்கூடச் செய்ய முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் வரும் துகள் முதலில் கல்லீரல் செல்லின் மேலிருக்கும் ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகளில் தளர்வாகப் பற்றிக்கொள்கிறது. அங்கிருந்து உண்மையான வாசலுக்குப் போகிறது. அந்த வாசல் எது என்று பல பத்தாண்டுகள் தெரியாமலே இருந்தது. 2012-இல் பெய்ஜிங்கில் வென்ஹூய் லி குழுவினர் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: என்டிசிபி என்ற புரதம். இதன் அன்றாட வேலை, குடலிலிருந்து ரத்தத்தில் திரும்பி வரும் பித்த உப்புகளைக் கல்லீரல் செல்லுக்குள் இழுப்பது. கல்லீரல் செல்லின் ரத்தம் படும் பக்கத்தில்தான் இது உட்கார்ந்திருக்கிறது. வைரஸ் மேலுறையின் பெரிய புரதத்தின் நுனியில் ஒரு கொழுப்பு அமிலம் செருகப்பட்ட சிறு வால் உண்டு. அது என்டிசிபி-யில் இறுகப் பொருந்துகிறது. இந்த வைரஸ் நுரையீரலையோ குடலையோ விட்டுவிட்டுக் கல்லீரலையே தேடிப் போவதற்கு முதல் காரணம் இந்த வாசல். ஆய்வுக்கூடங்களில் சாதாரணமாக வளர்க்கும் ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல்களில் தொற்று பிடிக்காமல் இருந்ததற்கும் காரணம் இதுவே. அவற்றில் என்டிசிபி ஏறக்குறைய இல்லை. அதைப் புகுத்தியதும் தொற்று பிடித்தது.

வாசல் தெரிந்தால் அடைக்கலாம் அல்லவா? அந்த வாலைப் போலவே 47 அமினோ அமிலங்களில் செய்யப்பட்ட மருந்துதான் புலெவிர்டைட். ஐரோப்பாவில் 2020-இல் நிபந்தனையுடன் அனுமதி பெற்றது, ஹெபடைட்டிஸ் டி நோய்க்காக. டி வைரஸ் தனக்கென மேலுறை இல்லாமல் பி-யின் மேலுறையையே போர்த்திக்கொண்டு, இதே வாசல் வழியாகத்தான் நுழைகிறது. மருந்து வாசலை மறிப்பதால் பித்த உப்புகளும் உள்ளே போக முடியாமல் ரத்தத்தில் ஏறும். பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளமும்கூட.

உள்ளே இழுக்கப்பட்ட துகள் மேலுறையைக் கழற்றிவிடுகிறது. மிச்சமான கோர் ஓடு, செல்லுக்குள் ஓடும் நுண்குழல்கள் வழியே உட்கருவை நோக்கி நகர்கிறது. உட்கருவின் துளையில் நுழைய முடிகிற அளவுக்கு ஓடு சிறியது. அங்கே ஓடு பிரிந்து டி.என்.ஏ. உள்ளே விழுகிறது.

நோய் தீராமல் நிற்பதற்கான காரியம் நடப்பது இங்கேதான். அரைகுறை டி.என்.ஏ. உட்கருவுக்குள் வந்ததும், செல் அதைத் தன் சொந்த டி.என்.ஏ.வில் ஏற்பட்ட பழுது என்றே எடுத்துக்கொள்கிறது. பழுதுபார்க்கும் நொதிகள் ஓடி வருகின்றன. முனையில் ஒட்டியிருக்கும் பாலிமரேஸ் கழற்றப்படுகிறது. ஆர்.என்.ஏ. துணுக்கு வெட்டப்படுகிறது. இரட்டித்துக் கிடக்கும் சில எழுத்துகள் நீக்கப்படுகின்றன. குறை இழை நிரப்பப்படுகிறது. கடைசியில் லிகேஸ் நொதி இரண்டு முனையையும் ஒட்டுகிறது. இத்தனையும் நம் செல்லின் நொதிகள், நம் செல்லின் செலவில். வைரஸ் இதில் விரலைக்கூட அசைப்பதில்லை.

கிடைப்பது, எங்கும் வெட்டு இல்லாத, முறுக்கிய மூடிய வட்டம். ஆய்வாளர்கள் இதை சிசிசி-டிஎன்ஏ என்கிறார்கள். நாம் 'மூடிய வட்டம்' என்றே சொல்லிக்கொள்ளலாம். செல்லின் குரோமோசோம் போலவே இதுவும் ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக்கொண்டு, ஒரு குட்டிக் குரோமோசோமாக உட்கருவில் தங்கிவிடுகிறது. ஒரு செல்லில் ஒன்றோ, சிலவோ இருக்கும். வீட்டின் மூலப்பத்திரம் மாதிரி இது. வெளியே சுற்றும் வைரஸ்கள் எல்லாம் நகல்கள். நகல்களை எவ்வளவு கிழித்தாலும் மூலம் பெட்டியில் இருக்கிறது.

செல் இதைச் சும்மா விடுவதில்லை. குரோமோசோமில் சேராமல் தனியாக மிதக்கும் வட்ட டி.என்.ஏ.க்களைப் பிடித்து அடக்கி வைக்க எஸ்எம்சி5/6 என்ற புரதக் கூட்டு ஒன்று இருக்கிறது. வைரஸின் எக்ஸ் புரதம் அந்தக் கூட்டைச் செல்லின் குப்பை அகற்றும் பொறிக்குக் காட்டிக்கொடுத்து அழிக்க வைக்கிறது. 2016-இல்தான் இது தெளிவானது. எக்ஸ் புரதம் எதற்காக என்று அதுவரை ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ் இல்லாவிட்டால் மூடிய வட்டம் இருந்தும் ஊமையாகக் கிடக்கும்.

ஊமை நீங்கியதும் செல்லின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் இந்த வட்டத்தை வாசிக்கத் தொடங்குகிறது. அதற்குத் தேவையான தூண்டு புரதங்கள் பலவும் கல்லீரலுக்கே உரியவை. இந்த வைரஸ் கல்லீரலோடு கட்டுண்டதற்கு இது இரண்டாவது காரணம். ஐந்தாறு வகை ஆர்.என்.ஏ. வெளிவரும், நீளத்தால் பார்த்தால் 3,500 எழுத்து, 2,400, 2,100, 700. எழுநூறு எழுத்துடையது எக்ஸ் புரதத்துக்கு. நடுவிலுள்ள இரண்டும் மேலுறைப் புரதங்களுக்கு, அதாவது ஹெச்பிஎஸ்ஏஜி-க்கு. மிக நீளமானதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ரத்தத்தில் விடப்படும் ஹெச்பிஇஏஜி என்ற இன்னொரு புரதத்தைச் செய்ய. மற்றது முன்மரபு ஆர்.என்.ஏ., இனி சொல்லப்போவது முழுக்க அதைப் பற்றித்தான்.

முன்மரபு ஆர்.என்.ஏ. வட்டத்தை முழுச் சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கூடுதலாகவும் ஓடி எழுதப்படுவது. அதனால் அதன் இரு முனைகளிலும் ஒரே வாசகம் திரும்ப வரும். இதிலிருந்து கோர் புரதமும் பாலிமரேஸும் செய்யப்படுகின்றன. பிறந்த பாலிமரேஸ், தன்னைப் பெற்ற அதே ஆர்.என்.ஏ.வின் தொடக்கத்தில் கொண்டை ஊசி வடிவில் மடிந்திருக்கும் பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. உடனே கோர் புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து சுற்றிலும் ஓடாக அடுக்கிக்கொள்கின்றன. பெரும்பாலான ஓடுகளில் 240 பிரதிகள், சிலவற்றில் 180. ஆர்.என்.ஏ.வும் பாலிமரேஸும் ஓட்டுக்குள் அடைபட்டன.

அடைபட்ட ஓட்டுக்குள் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதப்படுகிறது. எச்.ஐ.வி. செய்யும் அதே தலைகீழ் நகலெடுப்பு. ஆனால் எச்.ஐ.வி. அதைச் செல்லுக்குள் நுழைந்த பின் செய்கிறது. இது வெளியேறும் முன் செய்துமுடிக்கிறது. டி.என்.ஏ. எழுத்தைத் தொடங்கிவைக்க வழக்கமாக ஒரு தொடக்கத் துணுக்கு வேண்டும். இந்தப் பாலிமரேஸ் தன் உடம்பிலுள்ள ஒரு டைரோசின் அமினோ அமிலத்தையே துணுக்காக வைத்து மூன்று நான்கு எழுத்துகளை எழுதுகிறது. டி.என்.ஏ.வின் முனையில் நொதி ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். அந்தச் சில எழுத்துகளோடு ஆர்.என்.ஏ.வின் மறுமுனைக்குத் தாவுகிறது. அங்கிருந்து முழு இழையையும் எழுதிக்கொண்டே, பின்னால் தான் வாசித்து முடித்த ஆர்.என்.ஏ.வை அரித்துக்கொண்டே போகிறது. கடைசியில் பதினெட்டு எழுத்து அளவுக்கு ஆர்.என்.ஏ. மிஞ்சும். அந்த மிச்சம் வேறோர் இடத்துக்குத் தாவி இரண்டாவது இழைக்குத் தொடக்கமாகிறது. இன்னொரு தாவல், வட்டம் கூடிவிடும். இரண்டாவது இழை முடியும் முன்பே எழுத்து நின்றுபோகும். அரைகுறை வட்டம் தயார்.

டெனோஃபோவிரும் அதே போன்ற இன்னொரு மாத்திரையான என்டெகாவிரும் கை வைப்பது இந்த இடத்தில், இந்த ஓட்டுக்குள். டி.என்.ஏ. எழுத்துகளைப் போல வேடமிட்டு நுழைந்து, வளரும் இழையை அங்கேயே துண்டித்துவிடுகின்றன. ஓடுகளில் முதிர்ந்த டி.என்.ஏ. உண்டாவதில்லை, ரத்தத்தில் டி.என்.ஏ. அளவு மளமளவென இறங்குகிறது. உட்கருவிலிருக்கும் மூடிய வட்டத்தை இவை தொடுவதில்லை. அங்கே தலைகீழ் நகலெடுப்பே நடக்கவில்லையே, மருந்துக்கு அங்கே என்ன வேலை?

இரண்டாவது தாவல் எப்போதும் சரியாக அமைவதில்லை. ஏறக்குறைய பத்தில் ஒரு முறை அந்த ஆர்.என்.ஏ. மிச்சம் தாவாமல் இருந்த இடத்திலேயே எழுத ஆரம்பித்துவிடும். அப்போது வட்டத்துக்குப் பதில் நேர்கோடாக இரட்டை இழை டி.என்.ஏ. கிடைக்கும். இது உட்கருவுக்குப் போனால், நம் குரோமோசோமில் எங்கேயாவது முறிவு ஏற்பட்ட இடத்தில் செருகிக்கொள்ளும். செருகிய துண்டால் முழு வைரஸ் செய்ய முடியாது, முன்மரபு ஆர்.என்.ஏ.வுக்கு வேண்டிய வரிசை அதில் அறுந்துவிடுகிறது. ஆனால் மேலுறைப் புரதத்துக்கான பகுதி பெரும்பாலும் சேதமில்லாமல் இருக்கும். அந்தத் துண்டு, அந்தச் செல்லும் அதன் வாரிசுகளும் உள்ளவரை, ஹெச்பிஎஸ்ஏஜி-யை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும்.

ஆக, உங்கள் ரத்தத்திலுள்ள ஹெச்பிஎஸ்ஏஜி-க்கு இரண்டு ஊற்றுகள்: மூடிய வட்டம் ஒன்று, குரோமோசோமில் செருகிய துண்டுகள் மற்றொன்று. மாத்திரை இரண்டையுமே அடைப்பதில்லை. 2017-இல் வெளியான ஒரு சிம்பன்சி ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. மூடிய வட்டத்திலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வை அழிக்கும் சோதனை மருந்து, ஹெச்பிஇஏஜி பாசிட்டிவான சிம்பன்சிகளில் ஹெச்பிஎஸ்ஏஜி-யை நன்றாக இறக்கியது. நெகட்டிவானவற்றில் அவ்வளவாக இறங்கவில்லை. அவற்றில் ஹெச்பிஎஸ்ஏஜி பெரும்பகுதி செருகிய துண்டுகளிலிருந்து வந்துகொண்டிருந்ததே காரணம்.

முதிர்ந்த ஓட்டுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மேலுறை பூண்டு செல்லை விட்டு வெளியேறுவது. மற்றொன்று, திரும்பவும் உட்கருவுக்கே போய் இன்னொரு மூடிய வட்டமாக மாறுவது. தொற்றின் தொடக்கத்தில் மேலுறைப் புரதம் குறைவு என்பதால் உள்வழியே அதிகம் நடக்கும். இருப்பு சேர்ந்த பிறகு வெளிவழி. மூடிய வட்டம் தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்வதில்லை. இந்த உள்வழியும் புதிய தொற்றும்தான் அதன் இருப்பை நிரப்புகின்றன. மாத்திரை இந்த நிரப்பலை வெகுவாகக் குறைக்கிறது. அதனால் ஆண்டுகள் போகப்போக மூடிய வட்டங்கள் மெல்லக் குறையத்தான் செய்யும். ஆனால் கல்லீரல் செல்கள் நீண்ட ஆயுள் உள்ளவை. குறைவது நத்தை வேகம். மாத்திரையில் இருப்பவர்களில் ஹெச்பிஎஸ்ஏஜி மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அல்லது அதற்கும் கீழே.

செல் மேலுறைப் புரதத்தைத் தேவைக்குப் பல மடங்கு அதிகமாகச் செய்துதள்ளுகிறது. உபரி, உள்ளே எதுவும் இல்லாத 22 நானோமீட்டர் உருண்டைகளாகவும் நீண்ட இழைகளாகவும் ரத்தத்தில் கொட்டுகிறது. முழு வைரஸ் ஒன்றுக்கு ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை காலி உருண்டைகள். எதிர்ப்புப் புரதங்களை இவை உறிஞ்சித் தீர்த்துவிடுவதால் உண்மையான வைரஸ் தப்புகிறது. இதே உருண்டைகளைத்தான் 1980-களின் தொடக்கத்தில் தொற்றுள்ளவர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்துச் சுத்தம்செய்து முதல் தடுப்பூசி ஆக்கினார்கள். 1986-இலிருந்து அதையே ஈஸ்ட்டில் செய்கிறார்கள். 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்த பிறகு இந்தியாவில் விலை தடாலென இறங்கியது.

ஹெச்பிஇஏஜி பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் குழப்பம் அதிகம். இது வைரஸின் உடலில் சேராமல் ரத்தத்தில் விடப்படும் புரதம். பாசிட்டிவ் என்றால் பொதுவாக வைரஸ் வேகமாகப் பெருகுகிறது என்று பொருள். நெகட்டிவ் என்றால் அடங்கிவிட்டது என்று நிம்மதி அடைபவர்கள் பலர். எப்போதும் அப்படி இல்லை. 1896-ஆம் எழுத்தில் ஜி இருந்த இடத்தில் ஏ வந்துவிட்டால் அந்தப் புரதம் உருவாகாமலே போகும், வைரஸ் பெருகுவது நிற்காது. நகலெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தும் திறமை இல்லாததால் இப்படி ஓரெழுத்துப் பிழைகள் அன்றாடம் நடக்கின்றன. எதிர்ப்பு சக்தியிடமிருந்து தப்புகிற பிழை நிலைத்துவிடுகிறது. ஆகவே 'இ நெகட்டிவ்' ரிப்போர்ட்டை டி.என்.ஏ. அளவும் எஸ்ஜிபிடி-யும் பக்கத்தில் இல்லாமல் வாசிக்கவே கூடாது.

இவ்வளவு நடந்தும் வைரஸ் நேரடியாகச் செல்லைக் கொல்வதில்லை. தொற்றுள்ள செல்லை அடையாளம் கண்டு தாக்குவது நம் எதிர்ப்பு சக்தியின் டி செல்கள். எஸ்ஜிபிடி ஏறுவது அந்தச் சண்டையின் கணக்கு. பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஆறு மாதத்துக்குள் அடக்கிவிடுகிறார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு நாட்பட்டதாகிவிடுகிறது. எதிர்ப்பு சக்தி சண்டைக்கே வராததால் அந்தக் குழந்தைக்குக் காமாலையும் வராது, காய்ச்சலும் வராது. முப்பது வயதில் ரத்த தானத்துக்கோ வெளிநாட்டு வேலை மெடிக்கலுக்கோ போகும்போது தெரியவரும். பலர் அப்போது 'சமீபத்தில் எங்கே ஒட்டியது' என்று தேடி வீட்டில் சந்தேகத்தைக் கிளப்புகிறார்கள். அந்தத் தேடல் பெரும்பாலும் வீண்.

கீழாநெல்லி பற்றி யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் பிளம்பெர்க்குடன் சேர்ந்து 1988-இல் லான்செட் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் தினம் மூன்று வேளை, 30 நாள். எடுத்துக்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மேலே சொன்ன இரண்டு ஊற்றுகளையும் ஒரு மாதத்தில் அடைக்க வேண்டும் என்றால் எவ்வளவு நடந்தாக வேண்டும் என்று யோசித்தால் எனக்கு அதில் ஆச்சரியமில்லை. கிராமத்தில் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் காமாலை இறங்கியதைப் பார்த்தவர்கள் ஏராளம். புதிய தொற்றால் வரும் காமாலை பெரியவர்களில் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பெயர் மூலிகைக்குப் போகும். அதை நம்பி டெனோஃபோவிரை விட்டுவிட்டு, கல்லீரல் செயலிழந்து ஐசியூ-வில் வந்து சேர்வதுதான் ஆபத்து.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்கே விளங்கும். மூடிய வட்டம் முன்மரபு ஆர்.என்.ஏ.வை இடைவிடாமல் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. ஓட்டுக்குள் இருந்த தடை விலகிய சில வாரங்களில், சிலருக்கு மாதங்களில், டி.என்.ஏ. மறுபடி ஏறும். திடீரென ஏறும் வைரஸைக் கண்டு டி செல்கள் பாய்ந்தால் எஸ்ஜிபிடி ஆயிரத்தைத் தாண்டலாம். ஈரல் சுருக்கம் உள்ளவர் அந்தத் தாக்குதலைத் தாங்க மாட்டார். அவர் நிறுத்துவது பற்றிய பேச்சே வேண்டாம். சுருக்கம் இல்லாதவர்களில், ஹெச்பிஇஏஜி மறைந்து எதிர்ப்புப் புரதம் வந்து, அதன் பிறகும் குறைந்தது ஒரு வருடம் மாத்திரை தொடர்ந்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் சிறப்பு டாக்டர் நிறுத்திப் பார்ப்பதுண்டு. அதுவும் அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டே.

மாத்திரையில் கவனிக்க வேண்டியவை சில. டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் 300 மில்லிகிராம் தினம் ஒன்று. இது சிறுநீரகத்தையும் எலும்பையும் கொஞ்சம் பதம்பார்க்கக் கூடியது. கிரியாட்டினினை அவ்வப்போது பார்க்க வேண்டும். கிரியாட்டினின் கிளியரன்ஸ் 50-க்குக் கீழே போனால் தினசரி டோஸ் கூடாது, இடைவெளியை டாக்டர் கூட்டுவார். டெனோஃபோவிரிலேயே அலாஃபெனமைடு வகை 25 மில்லிகிராம், இந்தத் தொல்லை குறைவு. என்டெகாவிர் 0.5 மில்லிகிராம் வெறும் வயிற்றில்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால். எதைத் தொடங்கும் முன்பும் எச்.ஐ.வி. டெஸ்ட் அவசியம். எச்.ஐ.வி.யும் இருப்பவருக்கு இவற்றில் ஒன்றை மட்டும் கொடுத்தால் எச்.ஐ.வி. அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

டி.என்.ஏ. ரிப்போர்ட்டில் '20-க்குக் கீழே' என்பதும் 'கண்டறியப்படவில்லை' என்பதும் ஒன்றில்லை. முன்னதில் வைரஸ் இருக்கிறது, எண்ணும் அளவுக்கு இல்லை. அலகையும் பாருங்கள். ஒரு சர்வதேச அலகு ஏறக்குறைய ஐந்து பிரதிகளுக்குச் சமம். ஒரு லேபில் பிரதிகளிலும் இன்னொன்றில் அலகுகளிலும் கொடுத்தால் ஐந்து மடங்கு ஏறியதாகவோ இறங்கியதாகவோ தோன்றிப் பதறுவார்கள். செருகிய துண்டுகள் குரோமோசோமைக் குலைப்பதால், ஈரல் சுருக்கம் இல்லாதவர்களுக்கும் இந்த வைரஸ் புற்றுநோயைக் கொண்டுவரலாம். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எழுதுவது அதற்காக, டி.என்.ஏ. இல்லை என்று வந்துவிட்டதால் ஸ்கேனை விட்டுவிடக் கூடாது.

'குணமானவர்' உடம்பிலும் மூடிய வட்டம் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், கோர் எதிர்ப்புப் புரதம் மட்டும் பாசிட்டிவ் என்றால், எப்போதோ தொற்றி அடங்கியது என்று பொருள். டி செல்கள் காவலில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் ரிடுக்சிமாப் ஊசி, கீமோ, வாரக்கணக்கில் அதிக டோஸ் ஸ்டீராய்டு என்று காவலைத் தளர்த்தினால் வைரஸ் திரும்பிவரும். உயிரே போன கேஸ்கள் உண்டு. அந்தச் சிகிச்சைகளுக்கு முன் ஹெச்பிஎஸ்ஏஜி மட்டும் பார்த்தால் போதாது, கோர் எதிர்ப்புப் புரதமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

புதிய மருந்துகளில் நம்பிக்கை தருவது, மேலுறை ஆர்.என்.ஏ.வையே குறிவைத்து அழிப்பவை. இரண்டு ஊற்றின் ஆர்.என்.ஏ.விலும் பொதுவாக உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் வற்றும். பெபிரோவிர்சென் என்ற ஊசி மருந்தை வாரம் 300 மில்லிகிராம் வீதம் 24 வாரம் கொடுத்த இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவு 2022-இல் வந்தது: நூற்றில் ஒன்பது பத்துப் பேருக்கு, மருந்தை முடித்து 24 வாரம் ஆன பிறகும் ஹெச்பிஎஸ்ஏஜி, டி.என்.ஏ. இரண்டும் இல்லை. தொடக்கத்திலேயே ஹெச்பிஎஸ்ஏஜி அளவு குறைவாக இருந்தவர்களுக்கே அதிகம் பலித்தது. மூடிய வட்டத்தையே வெட்டி எறியும் மருந்து இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

வீட்டிலுள்ளவர்கள் எல்லோரும் ஹெச்பிஎஸ்ஏஜி, கோர் எதிர்ப்புப் புரதம், ஹெச்பிஎஸ் எதிர்ப்புப் புரதம் மூன்றும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கடைசியது 10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. மூன்றும் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி: 0, 1, 6 மாதம். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ பரவாது. சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி பொதுவாக இருக்கக் கூடாது. காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஏழு நாளாவது தாக்குப்பிடிக்கும். வீட்டில் கர்ப்பிணிக்கு ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் டி.என்.ஏ. அளவு பார்க்க வேண்டும். இரண்டு லட்சம் அலகுக்கு மேல் இருந்தால் பிரசவத்துக்கு முந்தைய மூன்று மாதம் டெனோஃபோவிர் கொடுப்பது வழக்கம். குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி, முடிந்தால் 12 மணி நேரத்துக்குள் மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் (தயார் நிலை எதிர்ப்புப் புரத ஊசி), பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட். குழந்தைக்கு ஒட்டியதா என்று பிறந்த வாரமே டெஸ்ட் எடுத்துப் பதறாதீர்கள். தடுப்பூசியில் இருப்பதே ஹெச்பிஎஸ்ஏஜி என்பதால் போட்ட சில வாரங்களுக்கு ரத்தத்தில் அதுவே தெரியும். தாயின் கோர் எதிர்ப்புப் புரதமோ குழந்தையின் ரத்தத்தில் இரண்டு வயது வரைகூட நிற்கும். 9 முதல் 12 மாதத்துக்குள் ஹெச்பிஎஸ்ஏஜி, ஹெச்பிஎஸ் எதிர்ப்புப் புரதம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரியான விடை கிடைக்கும்.